நோட்டுப் புத்தகத்தோடு வருகிறவர்கள்

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய நீண்ட செய்தியைப் பெரியம்மாவும் நானும் வாசித்தோம். வேன் ஒன்றைப் பிடித்துக்கொண்டு கம்பளையிலிருந்து கொத்மலை, பூண்டுலோயா, தலவாக்கலை, ஹட்டன் என்று ஏறி, பிறகு பதுளைப் பக்கம் இறங்கி, டித்வா புயலில் வீட்டையும் உறவையும் இழந்தவர்களைச் சந்தித்து ஆவணப்படம் எடுக்கப் போவதாக எழுதியிருக்கிறாய். முன்பின் தெரியாதவர்களிடம் எப்படி வாய் திறப்பது என்றுதான் பயம், ஏதாவது சொல்லுங்கள் பெரியப்பா என்றும் கேட்டிருக்கிறாய். போனில் சொல்லித் தீராது. எழுதுகிறேன்.

போகத்தான் வேண்டும். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2025 நவம்பர் 28ஆம் திகதி கரையேறிய அந்தப் புயல் நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் பலரை விழுங்கியது காற்றல்ல, மண். மலைநாட்டு ரயில் பாதை பல இடங்களில் அறுந்து தொங்கியதை எல்லோரும் படத்தில் பார்த்தார்கள். மண்ணுக்குள் போன தேயிலைத் தோட்டத்து லயத்து மனிதர்களைப் பற்றிச் செய்திகளில் வந்ததோ பெரும்பாலும் எண்ணிக்கைதான். அந்த எண்ணிக்கைக்குள் இருக்கிறவர்களிடம் போய் உட்கார்ந்து கேட்க ஆள் வேண்டும். கேட்பது நம் பிள்ளை என்றால் எனக்கு இன்னும் சந்தோஷம்.

ஆனால் கொழும்பிலிருந்து பார்த்தால் விளங்காத ஒன்று இங்கே இருக்கிறது. புயலுக்குப் பிறகு லயத்துக்கு ஏறி வந்த புது முகம் ஒவ்வொன்றும் எதையோ எழுதிக்கொண்டு போன முகம். கிராம சேவகர் வந்து எழுதினார். பிரதேச செயலகத்திலிருந்து வந்தவர்கள், தோட்டத்து ஆபீசார், தொழிற்சங்கத் தலைவர்மார், கோயில்காரர், சர்ச்சுக்காரர், கொழும்பு நலன்புரிச் சங்கங்கள் என்று எல்லோரும் எழுதினார்கள். எல்லோரும் போனைத் தூக்கிப் படமும் எடுத்தார்கள். சிலர் திரும்பி வந்து உதவினார்கள். பலர் வரவில்லை. எந்த நோட்டில் பெயர் இருந்தால் வீடு கிடைக்கும், எதில் இல்லாவிட்டால் வெட்டுப்படும் என்று அந்தச் சனத்துக்குத் தெரியாது. ஆகவே வந்தவர் யாராக இருந்தாலும் பெயரைக் கொடுத்துவிடுகிறார்கள். நாளைக்கு நீ கெமராவோடு படியேறும்போது உன்னையும் அப்படித்தான் பார்ப்பார்கள்.

பாடசாலை மண்டபத்தில் ஆட்கள் தங்கியிருந்த நாட்களில் நான் பார்த்த ஓர் அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா என்று கேட்கத்தான் பக்கத்தில் போனேன். என் சட்டைப் பையிலிருந்த பேனையை அவர் கண்டார். மடியில் வைத்திருந்த சொப்பிங் பேக்கை உடனே அவிழ்த்தார். உள்ளே அடையாள அட்டை, ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக் காய்ந்துபோன பிறப்புச் சான்றிதழ்கள், கிளினிக் அட்டை, சேமலாப நிதிக் கடிதம். நான் எதுவும் கேட்கவில்லை. அவராகவே சொல்ல ஆரம்பித்தார்: காம்பிரா நம்பர், குடும்பத்தில் எத்தனை பேர், படிக்கிற பிள்ளைகள் எத்தனை, டீவி, கேஸ் சிலிண்டர், மெத்தை, அரிசி. கேஸ் சிலிண்டருக்கும் மெத்தைக்கும் நடுவில், குரல் ஏறாமல் இறங்காமல், "மாமியார் ஒரு ஆளு" என்றார். செத்துப்போனவரையும் பட்டியலில் எந்த இடத்தில் சொல்ல வேண்டுமோ அந்த இடத்தில் சொன்னார். எத்தனை பேர் கேட்டு, எத்தனை தரம் சொல்லி அந்த வரிசை அவர் வாயில் படிந்திருக்கும் என்று நினைத்துப் பார்.

நீ கெமராவை நேராக வைத்து "அன்றைக்கு என்ன நடந்தது, சொல்லுங்கம்மா" என்று கேட்டால் உனக்குக் கிடைக்கப்போவதும் இதே வரிசைதான். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அது மனுவாகச் சொல்லும் கதை. வீட்டைச் சுத்தம் செய்ய 25,000 ரூபாய் என்று அரசாங்கம் அறிவித்தபோது, ஒரே காம்பிராவில் தாய் தகப்பனும் கல்யாணமான மகனுமாக இரண்டு அடுப்பு எரியும் வீடுகளில், அது ஒரு குடும்பமா இரண்டா என்ற கேள்வி வந்தது. இப்படிப்பட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லியே பழகிய வாய் வேறு விதமாகப் பேசாது.

அதனால் உன் முதல் வேலை, நீ யார் இல்லை என்பதைச் சொல்வது. கெமராப் பையைத் திறக்கும் முன்பே சொல்லிவிடு: "நான் கவர்மெண்ட் ஆள் இல்ல, கம்பனி ஆள் இல்ல, சங்கத்து ஆளும் இல்ல. எங்கிட்ட பேசுனா வீடு கிடைக்காது. பேசாட்டி எதுவும் வெட்டுப்படாது." இதே சொற்களில் சொல். சுற்றி வளைக்காதே. உன்னைச் சூழ்ந்து நின்றவர்களில் பாதிப் பேர் போய்விடுவார்கள். வருத்தப்படாதே. அவர்களுக்கு வேலை இருக்கிறது. போகாமல் நிற்பவர்களும், போய்விட்டுப் பிறகு தேத்தண்ணியோடு வருபவர்களும்தான் உன் படத்துக்கு உரியவர்கள்.

"அப்ப இதனால எங்களுக்கு என்னா கெடைக்கும்?" என்று நிச்சயம் கேட்பார்கள். உங்கள் குரலை உலகம் கேட்கும் என்று சொல்லிவிடாதே. உலகம் இவர்களைக் கேட்டு என்ன செய்தது என்று அவர்களுக்குத் தெரியும். படத்தின் பிரதியை இந்தத் தோட்டத்துக்கே கொண்டுவந்து போட்டுக் காட்டுவேன் என்று உன்னால் சொல்ல முடிந்தால் சொல். முடியாது என்றால் "ஒன்றும் கிடைக்காது, கேட்டு வைக்க வந்தேன்" என்று சொல். அதைக் கேட்டு முகம் சுளிக்காமல் பாயை விரிப்பவர்கள் நீ நினைப்பதைவிட அதிகம் பேர்.

தோட்டத்துக்குள் வெளியாள் வருவது இங்கே ஒருபோதும் சாதாரண விஷயமாக இருந்ததில்லை. தோட்டத் துரையின் அனுமதி இல்லாமல் கால் வைத்தாலே குற்றம் என்றிருந்த காலத்தில் தொழிற்சங்கவாதி கோ. நடேசய்யர் புடவை வியாபாரி வேடத்தில் லயங்களுக்குள் போய் வந்தார் என்பது நாங்கள் கேட்டு வளர்ந்த வரலாறு. இன்றைக்கு வேடம் தேவையில்லை. ஆனாலும் நிலம் கம்பனி வசம்தான். ஆபீசில் சொல்லாமல் வேனை உள்ளே விட்டால் காவற்காரர் நிறுத்துவார். அவர் வேலைக்கு ஆபத்து வரும்படி நடக்காதே. அனுமதி கேட்டுவிட்டுப் போ. ஆனால் ஆபீசார் துணைக்கு ஆள் அனுப்புகிறேன் என்றால் மரியாதையாக மறுத்துவிடு. சங்கத் தலைவர் கூட வந்தாலும் அப்படித்தான். நீ யாரோடு வந்து நிற்கிறாய் என்பதைப் பார்த்துத்தான் சொல்லப்படுவது மாறும். என்னைக் கேட்டால் பிள்ளைக்காம்பராவில் பிள்ளைகளைப் பார்க்கும் அம்மாவிடம் முதலில் போ. எந்த வீட்டில் யார் இல்லை, யாரிடம் இப்போது எதுவும் கேட்கக் கூடாது என்பது அவருக்குத்தான் தெரியும்.

சி.வி. வேலுப்பிள்ளையைப் பற்றி உனக்குச் சின்ன வயதில் சொல்லியிருக்கிறேன். நம் பக்கத்து மடக்கும்புரத் தோட்டத்தில் 1914இல் பிறந்து, 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றத்துக்குப் போனவர். லயங்களில் வாய்க்கு வாய் வந்த பாட்டுகளைக் கேட்டு எழுதித் தொகுத்தவரும் அவர்தான். வேலைக்களத்துப் பாட்டை, தாலாட்டை, ஒப்பாரியை எந்தப் பெண்ணும் அந்நியர் முன்னால் பாட மாட்டாள். அவருக்குப் பாடினார்கள். சங்கத்தில் தங்களுக்காக நின்ற மனிதர், நாளைக்கும் இதே பாதையில் வருவார் என்று தெரிந்திருந்ததால் பாடினார்கள் என்று நான் நினைக்கிறேன். உன்னால் சி.வி. ஆக முடியாது, உனக்கு அதற்கு நாள் இல்லை. மறுபடியும் வருகிறவளாக இருக்க முடியும். ஆகவே ஒரே ஓட்டமாகப் பத்துத் தோட்டம் பார்க்கும் திட்டத்தைக் கைவிடு. மூன்று, நான்கு இடம் போதும். ஒவ்வொன்றுக்கும் திரும்பிப் போ.

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். காலையில் பேர் பதியும் பெரட்டுக்குப் போகிறவரை மலையில் மறித்துக் கேள்வி கேட்காதே. அன்றைக்குச் சொன்ன கிலோ வராவிட்டால் அரைப் பேர்தான் விழும். ஒரு மணித்தியாலம் உன்னோடு நின்றதற்கு அவர் அரை நாள் சம்பளத்தைக் கொடுத்தவர் ஆவார், அதை உன்னிடம் சொல்லவும் மாட்டார். மாலையில் கொழுந்து நிறுத்து முடிந்த பிறகும் நேரே போகாதே. விறகு, தண்ணீர், அடுப்பு, பிள்ளைகள் எல்லாம் அந்த ஒரு மணித்தியாலத்தில்தான். ஞாயிற்றுக்கிழமை பகல் சாப்பாட்டுக்குப் பிறகு போ. துணி காய்ந்துகொண்டிருக்கும். இஸ்தோப்பில் ஆள் உட்கார்ந்திருக்கும்.

என்ன கேட்பது என்று கேட்டாய். கானைப் பற்றிக் கேள்.

நீ சிரிக்கக் கூடாது. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து தேயிலை மலையில் சரிவுக்குக் குறுக்காகக் கான் வெட்டி மழைத் தண்ணீரை ஓடைக்குத் திருப்பி விடுவார்கள். கான் வெட்டென்றே தனியாக ஆட்களுக்கு வேலை கொடுப்பார்கள். கான் மண் மூடிப் போனால் தண்ணீர் ஓடாமல் உள்ளே இறங்கும். மண் ஊறிக் கனத்து, அடியிலுள்ள பாறையோடு பிடிப்பு விடும். மண்சரிவு அப்படித்தான் நடக்கிறது. 1970களில் அரசாங்கம் எடுத்த தோட்டங்கள் 1992இல் மறுபடி கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போன பிறகு ஆட்கள் குறைந்தார்கள். இருக்கிறவர்களையும் கொழுந்துக்கே அனுப்பினார்கள். எந்த மலையில் கான் கடைசியாக எப்போது வெட்டப்பட்டது என்பதை ஓய்வுபெற்ற ஒரு கிழவனார் உனக்கு வருடம் வாரியாகச் சொல்வார். புயலுக்கு முன்னால் ஊற்று கலங்கியதா, திடீரென்று வற்றியதா, நிலத்தில் வெடிப்பு கண்டதா, கிராண்டீஸ் மரம் சாய்ந்து நின்றதா என்று கேள். உன்னிடம் தன் துயரத்தை வைக்கத் தயங்குகிற மனிதர், தனக்குத் தெரிந்ததை வைக்கத் தயங்க மாட்டார். தனக்குத் தெரிந்த விஷயத்தைச் சொல்லிக்கொண்டே வந்து, சொல்ல வேண்டும் என்று தோன்றினால் அவராகவே மற்றதற்கும் வருவார். வராவிட்டால் விட்டுவிடு.

பிறகு, வெளியேறச் சொன்னது யார் என்று கேள். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை என்றால் விழிப்பு, 100 என்றால் தயார் நிலை, 150 என்றால் வெளியேறு என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அளவு வைத்திருக்கிறது. மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று நிறமும் உண்டு. தோட்டத்து ஆபீசில் மழைமானி இருக்கும். அந்தச் சிவப்பு, லயத்துக் கதவு வரை நடந்து வந்ததா? கரண்டும் போனும் இல்லாத இரவில் யார் தட்டினார்கள்? எந்த மொழியில் சொன்னார்கள்? போகச் சொன்னவர்கள் எங்கே போகச் சொன்னார்கள்? இதற்கான பதில்களை ஒவ்வொரு இடத்திலும் எடுத்து வை. உன் படத்தில் எது விடுபட்டாலும் இது விடுபடக் கூடாது என்பது என் பிடிவாதம். துயரத்தைக் காட்டுகிற படம் இரக்கத்தைச் சம்பாதிக்கும். நமக்கு இரக்கம் வேண்டிய அளவுக்குக் கிடைத்திருக்கிறது. அந்த வீடு ஏன் அந்தச் சரிவில் இருந்தது, தெரிந்தும் ஏன் அங்கேயே இருந்தார்கள் என்பதை யாரும் பொறுமையாகக் கேட்டு வைக்கவில்லை.

பதுளைக்கு இறங்கினால் கொஸ்லந்தை மீரியபெத்தைக்கும் கட்டாயம் போ. 2014 ஒக்டோபர் 29 காலையில் அந்தத் தோட்டத்தின் லயங்கள் மண்ணுக்குள் போயின. 2005இலும் 2011இலும் அந்த இடம் ஆபத்தானது என்று எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. எச்சரித்தோம் என்றது ஒரு தரப்பு. போக இடம் தரவில்லை என்றார்கள் மக்கள். முதல் நாட்களில் நூற்றுக்கணக்கானோர் புதைந்ததாகச் சொன்னார்கள், பிறகு அந்தத் தொகை பல மடங்கு இறங்கியது. ஒரு லயத்தில் யார் யார் இருந்தார்கள் என்பதை நிச்சயமாகச் சொல்ல இந்த நாட்டில் ஒரு பதிவு இல்லாமல் போனதே, அதை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. உயிர் தப்பியவர்களுக்குப் பூனாகலைப் பக்கம் மாகல்தெனியவில் 75 வீடுகள் கட்டிக் கொடுத்தார்கள். அங்கே இருப்பவர்கள் உனக்குச் சொல்லக்கூடியதை, டித்வாவில் நேற்று வீடிழந்தவர் இன்னும் சொல்ல முடியாது: நிவாரண லொறி நின்ற பிறகு என்ன நடக்கும், படமெடுத்தவர்களில் யார் திரும்பி வந்தார்கள், புது வீட்டிலிருந்து வேலைக்குப் போகப் பஸ் காசு எவ்வளவு. இங்கே நம் டன்சினன் தோட்டத்திலும் 2018இல் இந்திய உதவியில் கட்டிய 404 வீடுகள் கையளிக்கப்பட்டன. சொந்த வாசல் வந்தவர்களிடமும் கேட்டுவிடு, அவர்கள் கதை இல்லாமல் மற்றது விளங்காது.

நம் ஆட்கள் ஏன் சரிவை விட்டுப் போகவில்லை என்று உன் கொழும்புச் சிநேகிதர்கள் கேட்கலாம். 1948இல் பிரஜாவுரிமையைப் பறித்தார்கள். 1964 ஒப்பந்தத்தில் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று இரண்டு அரசாங்கங்கள் முடிவு செய்தன. அந்தச் சனத்தை யாரும் கேட்கவில்லை. மிச்சமிருந்தவர்களின் பிரஜாவுரிமைப் பிரச்சினை 2003 சட்டத்தோடுதான் தீர்ந்தது. காணி அதற்குப் பிறகும் வரவில்லை. இதை வேனிலேயே அவர்களுக்குச் சொல்லிவிடு. லயத்தில் போய் விளக்கம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம்.

ஒளிப்பதிவு செய்பவர் சிங்களப் பிள்ளை என்று எழுதியிருந்தாய். நல்லது. மேலே தோட்டம், கீழே சிங்களக் கிராமம் என்றுதான் இந்த மலைகள் இருக்கின்றன. மேலிருந்து பெயர்ந்த மண் கீழே போய்த்தான் நிற்கிறது. கண்டிப் பக்கத்தில் முழுக் குடும்பங்கள் போன கிராமங்கள் இருக்கின்றன. அங்கே உன் சிநேகிதர் கேட்கட்டும், நீ பக்கத்தில் உட்கார்ந்திரு. லயத்தில் அவர் உட்கார்ந்திருக்கட்டும். யாராவது ஓர் அம்மா அவரிடம் அரைகுறைச் சிங்களத்தில் நேராகவே கதைக்க ஆரம்பித்தால் குறுக்கே விழுந்து மொழிபெயர்க்காதே.

ட்ரோன் வாடகைக்கு எடுப்பதாகச் சொன்னாயே, அதில் எனக்கு விருப்பமில்லை. மேலிருந்து பார்த்தால் பச்சை மலையில் சிவந்த கீறல் அழகாகத் தெரியும். அந்தக் கீறலுக்குள் ஆள் கிடக்கிறது. ட்ரோன் தலைக்கு மேலே இரையும்போது பிள்ளைகள் பயந்து ஓடுவதையும் பார்த்திருக்கிறேன். அந்த நாட்களில் ஹெலிகொப்டர் சத்தம் கேட்ட பிள்ளைகள் அவர்கள். கண்ணைக் கவரும் காட்சி இல்லாமலும் படம் நிற்கும். யூதப் படுகொலையைப் பற்றிக் குளோட் லான்ஸ்மன் எடுத்து 1985இல் வெளிவந்த 'ஷோவா' ஒன்பது மணித்தியாலத்துக்கும் மேல் ஓடுகிறது. அதில் பழைய காட்சித் துண்டு ஒன்றுகூடக் கிடையாது. மனிதர்களின் முகமும் இன்று அந்த இடம் கிடக்கும் கோலமும்தான். நம் நாட்டில் ஜூட் ரத்னம் கனடாவிலிருந்து வந்த தன் மாமாவோடு பயணம் போய், 83 இனக்கலவரத்தையும் யுத்தத்தையும் பற்றி எடுத்த 'டீமன்ஸ் இன் பாரடைஸ்' 2017இல் கான் திரைப்பட விழாவுக்குப் போனது. அதை முடிக்க அவருக்குப் பத்து வருடம் பிடித்தது. அடுத்த வருடம் யாழ்ப்பாணத் திரைவிழாவில் அதைத் திரையிட விடவில்லை. அந்தப் படத்தில் எனக்கு உடன்பாடில்லாத இடங்கள் உண்டு, இருந்தாலும் அவசரப்படாமல் எடுத்தார் என்பதற்காக அவரை மதிக்கிறேன். உன்னைப் பத்து வருடம் எடு என்று சொல்லவில்லை. ஆண்டுத் திவசத்துக்கு முன்னால் வெளியிட வேண்டும் என்று ஓடாதே என்கிறேன்.

யாராவது அழுதால் கெமராவை இறக்கு. நிறுத்து என்று அவர்கள் சொல்வார்கள் என்று காத்திருக்காதே; நம் சனம் வந்தவரிடம் அப்படிச் சொல்லாது, அது அவர்கள் வளர்ந்த விதம். பெற்றாரை இழந்த பிள்ளைகளிடம் அந்த இரவைப் பற்றி எந்தக் கேள்வியும் வேண்டாம். பாட்டி சம்மதித்தாலும் வேண்டாம். அடையாள அட்டை, வங்கிப் புத்தகம் எதையும் படம் பிடிக்காதே. சம்மதக் கடிதத்தில் கையெழுத்து வாங்குவதாக இருந்தால் அதைத் தமிழில் எழுதி, உரக்க வாசித்துக் காட்டி, அடுத்த தரம் வரும்போது வாங்கு. முதல் நாளே காகிதத்தை நீட்டினால் மறுபடியும் நீ பட்டியல்காரிதான்.

பிரதி அனுப்புவது பற்றி ஒன்று. பெரும்பாலான லயங்களுக்குக் கடிதம் தோட்டத்து ஆபீஸ் வழியாகத்தான் வருகிறது. வீட்டுக்கு என்று முகவரி கிடையாது. ஆபீசுக்குப் போன பொதி எப்போது, யார் கையில் போகும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஒவ்வொரு வீட்டிலும் போனில் வட்ஸ்அப் வைத்திருக்கும் பிள்ளையின் இலக்கத்தை வாங்கிக்கொள். முடிந்தால் நீயே ஒரு திரையையும் புரொஜெக்டரையும் தூக்கிக்கொண்டு வா. கோயில் வாசலில் போடலாம், நான் பேசி வைக்கிறேன். அவர்கள் பார்த்து, இதை எடுத்துவிடு என்று சொன்னால் எடுத்துவிட வேண்டும். அதற்கு நீ இப்போதே மனதைத் தயார் செய்துகொள்.

புறப்படும் திகதி முடிவானதும் சொல். ஷீன் தோட்டத்துப் பக்கம் எனக்குத் தெரிந்த இரண்டு குடும்பங்களிடம் நீ வருவதாகச் சொல்லி வைக்கிறேன், எதற்கு வருகிறாய் என்பதையும் ஒளிக்காமல் சொல்கிறேன். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். நீங்கள் எல்லோரும் இங்கேயே தங்கலாம். பெரியம்மா முன்னறையை ஒழித்துத் தருவதாகச் சொல்கிறாள். பிடிமானமுள்ள சப்பாத்து, மழைக்கோட்டு, அட்டை கடிக்காமல் தடவச் சவர்க்காரக் கட்டி ஒன்று, போனுக்குப் பவர்பேங்க் கொண்டு வா. சாரதி மலைப் பாதை தெரிந்தவராக இருக்கட்டும். சனிக்கிழமை பின்னேரம் வந்து சேர்ந்தால், ஞாயிறு உன்னை நானே நடத்திக் கூட்டிப் போகிறேன். அன்றைக்கு கெமரா வீட்டில் இருக்கட்டும்.

அன்புடன்,
பெரியப்பா
பூண்டுலோயா